தொண்ணூறடி ஆழத்தில் முளைத்த மரங்கள்

உலகத்தில் எந்த நீர்த்தேக்கம் வேண்டுமானாலும் வற்றலாம். எங்கள் நீர்த்தேக்கம் வற்றாது. இந்தப் பெருமை மழைக்கு உரியதல்ல, எங்கள் நீர்மட்டப் பிரிவுக்கு உரியது. அதில் தலைமை எழுத்தராகப் பணியாற்றும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

எங்கள் முறை மிக எளியது. அணைக்கரையில் அளவுத் தகடு ஒன்று உண்டு. அதில் அடியில் உள்ள கடைசி எண் தொண்ணூறு அடி. அதற்குக் கீழே எண் இல்லாததால், அதற்குக் கீழே போகத் தண்ணீருக்கு அனுமதி இல்லை. மீறி இறங்கினால், திருகாணியைக் கழற்றித் தகட்டையும் இறக்கி மாட்டிவிடுவோம். இதற்கு 'மட்டம் நிலைநிறுத்தல்' என்று பெயர். பதினொரு ஆண்டுகளில் தகடு பாதி மலை இறங்கிவிட்டது. எண் இறங்கவேயில்லை.

தகட்டை இறக்குபவர் என் அக்கா கணவர். அதிகம் வாய் திறக்காத மனிதர், அவரால் பாதகமில்லை என்று நம்பியிருந்தோம். ஒருநாள் முழங்கால்வரை சேறோடு வந்தவர், பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் இப்படி எழுதி வைத்தார்: "மேல்கோடி மலையிடுக்கு தண்ணீரிலிருந்து வெளியே வந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். ஆறு ஓடுகிறது. அருவி விழுகிறது. மரங்கள் ஆளுயரம். ஒன்றில் பறவைக் கூடு."

செயற்பொறியாளர் அவரைக் கூப்பிட்டார். நான் கோப்போடு பக்கத்தில் நின்றேன்.

"ஏன்யா, நீர்த்தேக்கத்துக்குள்ள ஆறு எப்படிய்யா ஓடும்?"

"தண்ணி இறங்கிடுச்சு சார். ஆறு பழைய வழியிலயே ஓடுது."

"நேத்து மட்டம் எவ்வளவு?"

"தொண்ணூறு சார்."

"முந்தாநேத்து?"

"தொண்ணூறுதான்."

"அப்புறம் எங்கய்யா இறங்குச்சு?"

நிர்வாகத் தர்க்கத்தின் முன் அருவி எம்மாத்திரம்!

அவசரக் கூட்டம் நடந்தது. திங்கட்கிழமை தலைமையகத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. ஆவணப்படி அந்த இடம் தொண்ணூறடி ஆழத்தில் இருக்கிறது. தொண்ணூறடி ஆழத்தில் மரம் வளர்ந்தால் ஒன்று மரம் பொய், இல்லை ஆவணம் பொய். ஆவணத்தில் எட்டு அதிகாரிகளின் கையெழுத்து இருந்தது. மரத்தில் ஒன்றுகூட இல்லை.

எனவே மரங்கள் 'நீரடி ஆக்கிரமிப்பு' என்று ஏகமனதாக அறிவிக்கப்பட்டன. தண்ணீருக்குள் அனுமதியின்றி வளர்ந்ததற்கு இருபத்துநான்கு மணி நேரத்தில் விளக்கம் கேட்டு, ஒவ்வொரு மரத்திலும் அறிவிப்பு ஒட்டினோம். விளக்கம் வரவில்லை. குற்றம் நிரூபணமாயிற்று.

மாமா தன் குறிப்பை அடித்துவிட்டால் பிழைப்பார், இல்லாவிட்டால் வேலை காலி. அக்கா என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"நீயாவது சொல்லேன்டா. ஒரு கோடு கிழிச்சா முடிஞ்சுது. என்ன வீம்பு இது?"

வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்ற மாமா சொன்னார்:

"கூட்டுல நாலு குஞ்சு இருக்குடி."

"நம்ம வீட்டுல ரெண்டு இருக்கே, அது கண்ணுல படலையா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "மச்சான், ஒரு தடவ வந்து பாரு. அப்புறம் நீயே கோடு கிழி."

போனேன். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது ஆண்டு தண்ணீருக்கடியில் கிடந்த இடம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சுவரில் வெள்ளையாகப் படிந்திருந்த கறைமேல் பாசி பச்சை பிடித்திருந்தது. அருவியின் சாரல் மூக்குக் கண்ணாடியில் தெறித்தது. குஞ்சுகள் நான்கும் என்னையே தாய் என்று நினைத்து வாயைப் பிளந்தன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழகா இருக்கு மாமா," என்றேன்.

"அப்போ கோடு?"

"அது வேற, இது வேற மாமா."

அலுவலகம் திரும்பியதும் நானே கோடு கிழித்தேன். அகற்றல் ஆணையையும் நானே எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். கூட்டைப் பற்றி ஒரு வரி சேர்க்கத்தான் நினைத்தேன். படிவத்தில் இடம் இல்லை.

பொக்லைன்கள் இறங்கின. மரங்கள் சாய்ந்தன. அருவியின் வாயில் சேற்றைத் தள்ளி அடைத்தார்கள். மாமா வழியில் போய் நின்றார். பணிக்கு இடையூறு என்று அன்றைக்கே அவரைத் தற்காலிக நீக்கம் செய்தோம்.

திங்கட்கிழமை ஆய்வுக் குழுத் தலைவர் காய்ந்த சேற்றின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையே! ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க," என்று பாராட்டினார். தொண்ணூறடி தண்ணீர் இருக்கிறது என்று அங்கேயே நின்றபடி கையெழுத்திட்டார்.

ஒரு பெரிய நீர்த்தேக்கம் நாற்பது ஆண்டுகள் மேலே உட்கார்ந்து அழுத்தியும் அந்த மலையிடுக்கு சாகவில்லை. தண்ணீர் விலகியதும் மூன்றே ஆண்டில் எழுந்து நின்றது. அதை நாங்கள் நான்கே நாளில் கொன்று முடித்தோம். அரசாங்க வேலை மெதுவாக நடக்கிறது என்று இனி யாரும் சொல்லக் கூடாது.