டெட்பாடி அண்ணன் மூச்சு விட்ட நாள்

ஈப்போவில் டெட்பாடி அண்ணனைப் போல அழகாகச் சாகத் தெரிந்தவர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உடனே உச்சுக் கொட்டாதீர்கள். ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். நேற்றுக் காலையில்கூட எங்கள் தெரு முனையில் அவருடைய பள்ளி வேன் ஹாரன் அலறியதில் என் தேநீர் முழுக்கச் சட்டையில் கொட்டிவிட்டது.

நம் மலேசியத் தமிழ் டிவி நாடகங்களைப் பார்ப்பவர்கள் அவரைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். முதல் காட்சியில் கூடத்து நடுவில் மாலையோடு ஒருவர் படுத்திருப்பார் இல்லையா, அவர்தான். சொத்துத் தகராறுக் கதை என்றால் அப்பாவாகப் படுத்திருப்பார். பேய்க் கதை என்றால், பேயாக வேறு ஒருவர் வருவார். இவர் அதற்கு முந்தைய கட்டத்தில் படுத்திருப்பார். சொந்தப் பெயர் என்ன என்று படப்பிடிப்பில் யாரும் கேட்டதில்லை. "பாடி வந்துருச்சா?" என்பார்கள். "வந்துட்டேன்லா" என்று அவரே பதில் சொல்வார்.

அவர் தலைமாட்டில் உட்கார்ந்து "போயிட்டீங்களே!" என்று அலறும் பக்கத்து வீட்டுக்காரியையும் பார்த்திருப்பீர்கள். அது நான். வாரநாளில் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பேன், சனி ஞாயிறில் அழுவேன்.

பிணமாக நடிப்பது லேசு என்று நினைப்பவர்கள் ஒருநாள் படுத்துப் பார்க்கட்டும். ஈ உட்காரும். மாலை மூக்கில் உரசும். விளக்குச் சூட்டில் வியர்வை காதுக்குள் இறங்கும். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் மூச்சு. கேமரா பார்க்கும்போது நெஞ்சு ஏறி இறங்கக் கூடாது. இதற்கு நாங்கள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். "ஆக்‌ஷன்" என்றதும் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். தாங்க முடியாதபோது போர்வைக்கு அடியிலிருந்து சுண்டுவிரலால் என் கையைத் தட்டுவார். நான் உடனே அலறிக்கொண்டு அவர் நெஞ்சின்மேல் விழுவேன். அந்த மறைவில் அவர் ஆற அமர மூச்சு வாங்கிக்கொள்வார். என் அழுகையில் உணர்ச்சி பொங்குவதாக ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். பொங்கியது அண்ணனுடைய நெஞ்சு.

இத்தனை திறமை இருந்தும் அவருக்கு ஒரு பெரிய குறை. டிவியில் அவர் குரல் வந்ததே இல்லை. வசனம் பேசும் பிணம் எந்தக் கதையில் இருக்கிறது? ஒரு நாடகத்துக்கு அவருடைய வேனைக் கேட்டு வாங்கினார்கள். கதாநாயகி சாலையைக் கடக்கும்போது அது ஹாரன் அடித்து எச்சரிக்க வேண்டும். அடித்தது. தெளிவாகக் கேட்டது. அன்றைக்கு அவர் மனைவி சொன்னாராம்: "இத்தனை வருசமா நடிக்கிறீங்க, கடைசில வேனுக்குல்ல டயலாக் குடுத்துருக்காங்க!"

அண்ணன் என்னிடம் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாவறதுக்குள்ள ஒரே ஒரு வரி டிவில பேசிறணும் தங்கச்சி."

"எந்தச் சாவுண்ணே?"

"நெசச் சாவுலா!"

அதனால் ஈப்போவில் எந்த நடிப்புப் பட்டறை நடந்தாலும் முதல் வரிசையில் அவர் இருப்பார். குரல் பயிற்சி, முகபாவப் பயிற்சி, வாள் சண்டைப் பயிற்சி, எதையும் விட்டதில்லை. வாள் சண்டையில் முதல் வீச்சிலேயே விழுந்து, வகுப்பு முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அவர் விழுந்த அழகைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தவரே கைதட்டினார்.

அப்படி ஒரு பட்டறைக்குத்தான் கோலாலம்பூரிலிருந்து கோச் வந்து சேர்ந்தார். இளைஞர், வெளிநாட்டில் நாடகம் படித்தவர், டிவிக்காக ஒரு டெலிமூவி இயக்கிக்கொண்டிருந்தார். தையல் கடைக்கு மேல்மாடியில் பட்டறை. முதல் நாள் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார்.

"நீங்க இப்ப ஒரு மரம். மரமாவே மாறிடுங்க."

மாறினோம். எங்களைச் சுற்றிப் பார்த்த கோச் குழம்பிப்போனார். அத்தனை பேரும் கொஞ்சம் சாய்ந்து நின்று, வயிற்றுக்கு நேரே உள்ளங்கையைக் குழித்து நீட்டிக்கொண்டிருந்தோம்.

"என்னா இது, ஏன் எல்லாரும் பிச்சை கேக்குறீங்க?"

"பிச்சை இல்ல கோச், மங்கு!" என்றேன். "பால் வடியுறதைப் பிடிக்க மரத்துல கட்டியிருக்குமே, அது." எங்கள் அப்பா அம்மா எல்லாரும் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். மரம் என்றால் எங்களுக்கு ரப்பர் மரம்தான், வேறு ஜாதி தோன்றவே தோன்றாது.

டெட்பாடி அண்ணன் மட்டும் தரையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். கோச் குனிந்து, "அண்ணே, மரம் நிக்கணும்லா" என்றார்.

"நான் நின்ன மரந்தான் தம்பி. எண்ணெய்ச் செம்பனை நடுறதுக்காகச் சாச்சுட்டாங்க."

கோச்சுக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான். பட்டறையின் கடைசிப் பாடமே டெலிமூவிப் படப்பிடிப்பு என்று அறிவித்தார். சாகக் கிடக்கும் அப்பா, வந்திருக்கும் சொந்தங்களைப் பார்த்து ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுக் கண்ணை மூட வேண்டும். "எல்லாரும் பசியாறிட்டுப் போங்க." அவ்வளவுதான். சாகிற பாதி அண்ணனுக்குக் கைவந்த கலை. சொல்கிற பாதிக்குத்தான் பரீட்சை வைத்தார்கள்.

அண்ணன் முன்னால் வந்து நின்றார். எங்களைப் பார்த்தார். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. என் பக்கம் திரும்பினார்.

"கண்ணைத் தொறந்துகிட்டு நடிச்சதே இல்ல தங்கச்சி. இத்தனை பேரு பாக்குறீங்கன்னு இன்னிக்குத்தான் தெரியுது!"

"அப்ப மூடிக்கிட்டே சொல்லுங்கண்ணே" என்றார் கோச். மூடிக்கொண்டு சொன்னார். ஒரு வேன் நிறையப் பிள்ளைகளைத் தினம் அடக்கி உட்காரவைக்கும் குரல் அது. கீழே தையல் கடையில் மெஷின் நின்றது. வேஷம் அவருக்கே என்று முடிவாகிவிட்டது. மனைவியிடம் சொல்லவில்லையாம். டிவியில் வரும்போது கேட்டுக்கொள்ளட்டும் என்றார்.

கோலா கங்சார் பக்கம் ஆள் குடியில்லாத ஒரு பழைய தோட்டத்து வீட்டில் காலையிலேயே படப்பிடிப்பு. எனக்கும் பதவி உயர்வு. இந்த முறை மனைவி. அண்ணன் கட்டிலில், நான் பக்கத்தில், சொந்தக்காரர்களாகப் பட்டறை ஆட்கள் அறையிலும் வாசலிலும். பின்கட்டில் நாசி லெமாக் பொட்டலங்கள், தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலுமாக, வந்து இறங்கியிருந்தன. வாசனை எல்லாருடைய துக்கத்தையும் கலைத்துக்கொண்டிருந்தது.

"ஆக்‌ஷன்!"

அண்ணன் கண்ணை மூடியபடி கிடந்தார். வசனம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சுண்டுவிரல் என் கையைத் தட்டியது. நான் என்ன செய்வேன், பழக்கதோஷம். "போயிட்டீங்களே!" என்று அலறிக்கொண்டு நெஞ்சின்மேல் விழுந்தேன்.

"கட்! அக்கா, அவரு இன்னும் சாவலலா!"

மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் விரல் தட்டியது, நானும் மறுபடியும் விழுந்தேன். அதற்கடுத்த முறை அண்ணன் முகம் சிவந்து வீங்க ஆரம்பித்தது. கோச் பொறுமை இழந்து கேமராக்காரரிடம் திரும்பினார்.

"வெயில் ஏறுது. டயலாக்கைத் தூக்கிரலாம். பாடியாவே இருக்கட்டும்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கண்ணை மூடிக் கிடப்பவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அண்ணனுடைய மூடிய இமைக்குள் விழி அசைந்ததைப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக எத்தனையோ ஈ உட்கார்ந்தும் அசையாத முகம் அது. எனக்குத் தாங்கவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது, மனுஷர் "ஆக்‌ஷன்" என்றதும் வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்! மூச்சில்லாமல் யாரால் பேச முடியும்?

"ஒரே ஒரு சான்ஸ் குடுங்க கோச்!" என்று கத்திவிட்டு, அவர் காதோரம் குனிந்தேன்.

"அண்ணே, நீங்க இன்னும் சாவல. உசுரோடதான் இருக்கீங்க. தாராளமா மூச்சு விடலாம்."

ஒரு கண் திறந்தது. "அட, ஆமாலா!"

"ஆக்‌ஷன்!"

அண்ணன் மூச்சை இழுத்தார். சட்டைப் பொத்தான் தெறிக்கும் என்று பயந்தேன். இரண்டு கண்ணையும் திறந்து எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, வேன் குரல் இல்லை, வேறு ஒரு குரல், கொஞ்சம் கரகரத்து, ரொம்பச் சொந்தமாக வந்தது.

"எல்லாரும்... பசியாறிட்டுப் போங்க."

வாசலில் நின்ற சொந்தங்கள் பாதிப் பேர் திரும்பிப் பின்கட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோச் கையை ஆட்டி அவர்களை நிறுத்தினார். இனி அண்ணன் சாக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவர் சாகவில்லை.

"சூடா இருக்கையிலேயே சாப்டுங்க. சம்பல் வேணுங்கிறவங்க கேட்டு வாங்கிக்குங்க. பிள்ளைங்களுக்கு உறைப்பு வேணாம்."

"அண்ணே, செத்துருங்க" என்று கோச் கேமராவுக்குப் பின்னாலிருந்து கெஞ்சினார்.

"இருங்க தம்பி, இப்பத்தான் ஆரம்பிச்சுருக்கேன்!"

அறையில் சிரிப்பு வெடித்தது. எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, இனிமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்கிற மாதிரி தலையைச் சாய்த்து, அவருக்கே உரிய அழகோடு செத்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் தட்டியது. நான் நெஞ்சின்மேல் விழுந்து மறைத்துக்கொண்டேன். அடியிலிருந்து மூச்சோடு சேர்ந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"நல்லாப் பேசுனேனா தங்கச்சி?"

நான் இன்னும் சத்தமாக அழுதேன். அவருக்காக இத்தனை காலம் நான் அழுத அழுகையில், கிளிசரின் போடாமல் வந்தது அது ஒன்றுதான்.