கபூர் பேசி அனுப்பின கசட்

பழுகாமம்,
2003 மாசி 12

என்ட உயிருக்குயிரான மருமகள் மங்கையற்கரசிக்கு, தாய்மாமன் சீனித்தம்பி சொல்லச் சொல்ல, உன்ட மாமி சீதேவி கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதும் கடிதம். நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்குக் கண்ணகை அம்மன் துணை.

மகள், ஊர்க் கிழடுகளின்ட ஞாபகம் அழியமுதல் பதிஞ்சு வைக்கோணும் எண்டு வந்து, எழுத்துத் தெரியாத என்னையும் ஒரு மனிசனா மதிச்சு ஒரு மணித்தியாலம் பேச வெச்சியே, அந்த நன்றியைக் கட்டை வேகுமட்டும் மறக்கமாட்டன். "மாமா, கசட் ஒண்டுதான், வேற கசட்டில கொப்பி எடுக்கல்ல. ஊரார் கேட்டு முடியப் பத்திரமாத் திருப்பி அனுப்புங்க" எண்டு றெக்கோடரையும் விட்டுட்டுப் போனாய். ஊரார் கேட்டாங்க. ஆனா ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில தோணி கவிழ்ந்து, சாறன் துணி வியாபாரி அப்துல் கபூரை நான் தலைமயிரில பிடிச்சு இழுத்துக் கரை சேர்த்த கதை அதில இரிக்கே, அதைக் கபூர் கேளாட்டி வேற ஆர் கேக்கிற? தொண்ணூறாம் ஆண்டுத் தமிழ்-முஸ்லிம் கலவரத்தோட அவன் இந்தப் பக்கம் வாறதுமில்ல, நான் அந்தப் பக்கம் போறதுமில்ல. பதின்மூண்டு வருசம். உயிரோட இரிக்கானோ எண்டும் தெரியா. இப்ப சண்டை நிண்டு பாதை திறந்திரிக்கெண்டு, தயிர் விக்கப் போற கோணாமலைட்டக் கசட்டைக் குடுத்து, கபூர்ட ஊர் காத்தான்குடிக்கு அனுப்பினன்.

கபூர்ட மகள் றமீஸா சவூதியில. அவ கசட்டில பேசி அனுப்புவா. இவங்க கேட்டுப்போட்டு, அதே கசட்டில பதில் பேசித் திருப்பி அனுப்புவாங்க. பத்து வருசப் பழக்கம். என்ட கசட்டையும் கடிதமெண்டு நினைச்சு, ரெண்டு பக்கமும் அதுக்கு மேலயே பேசிப்போட்டான் மகள்! என்ட செருமல் ஒண்டுகூட மிச்சமில்ல.

"டேய் சீனித்தம்பி, நீ இன்னும் உசிரோடயாடா, மவுத்தாகல்லியாடா? அல்ஹம்துலில்லாஹ்! ஆனா பொய்யை விடல்லியேடா. எனக்கு ஏதுடா மயிர்? அண்டைக்கும் மொட்டை, இண்டைக்கும் மொட்டை. நான்தான்டா ஒன்னைக் கோவணத்துல புடிச்சு இழுத்தன்!" எண்டு தொடங்கி ஒரு மணித்தியாலம் ஏச்சு. கடைசியில, "பதில் சொல்லுடா. இந்தக் காது அடைக்கமுதல் ஒன்ட குரலை இன்னொருக்காக் கேக்கணும்" எண்டான். மாமி அழுதா. நான் அழல்ல எண்டு எழுதச் சொன்னன்; அப்படி எழுதமாட்டாவாம்.

ஆனபடியால் கோபிக்காத. வெறுங் கசட் ஒண்டு அனுப்பு, என்ட கதையை ஒரு சொல் பிசகாமத் திரும்பச் சொல்லுறன். இழுத்தவன் நான்தான், அதில மாற்றமில்ல. கபூர்ட குரலை இத்தோட அனுப்புறன். கொப்பி எடுத்து, வாவிக்கு ரெண்டு பக்கமும் எழுவான்கரை, படுவான்கரை எல்லாம் போட்டுக் காட்டு. இனி அதை ஆரும் அழிக்கப்படாது.

நெல்லும் பிள்ளையும் பெருகி நல்லா இருங்க.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்கும் மாமன் சீனித்தம்பி

பி.கு.: உறைக்குள்ள கசட்டைத் தேடாத. ஒட்டமுதல் கோணாமலை காத்தான்குடிக்கு வெளிக்கிட்டிட்டான். வேற கசட் இல்ல. கபூர்ட குரலுக்கு மேலயே பதில் பேசிக் குடுத்துட்டன். "ஓம்டா, நீதான் இழுத்தாய். வந்து இன்னொருக்கா இழு" எண்டு. நீயும் கதையை அப்படியே மாத்திப் பதிஞ்சுகொள்.