நான்கு மாப்பிள்ளைகளும் ஆஸ்திரேலியாவின் தலைநகரமும்

தென்னாற்காடு மாவட்டத்தின் மொத்த அறிவும் ஒரு காலத்தில் தினமும் காலையில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு சீசன் டிக்கெட்டில் போய், மாலையில் அதே டிக்கெட்டில் பத்திரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்த உண்மையை வரலாற்றாசிரியர்கள் இதுவரை வெளியிடாமல் இருப்பதற்குப் பொறாமையைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. அந்த அறிவின் பெயர் தாண்டவராயன். வயது ஐம்பத்து மூன்று. உத்தியோகம், தலைமை எழுத்தர். அலுவலகம், நிலம் வாங்குகிறவர்களுக்கும் கல்யாணம் செய்துகொள்கிறவர்களுக்கும் முத்திரை குத்திக் கொடுக்கும் ஓர் அரசாங்க அலுவலகம். அது திண்டிவனத்தில் எந்தத் தெருவில் இருந்தது என்று சொன்னால் சிலர் மனம் புண்படும்.

அப்பர் வோல்டா என்ற நாடு தன் பெயரை பர்கினா ஃபாஸோ என்று மாற்றிக்கொண்ட சேதி அந்த நாட்டின் குக்கிராமங்களுக்குப் போய்ச் சேர எத்தனை மாதம் ஆனதோ தெரியாது. விழுப்புரம் பாசஞ்சரின் மூன்றாவது பெட்டிக்கு முண்டியம்பாக்கம் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்த்தவர் தாண்டவராயன்.

தனக்குத் தெரியும் என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. அடுத்தவனுக்குத் தெரியாது என்பதில்தான் அவர் உயிரே இருந்தது. இதற்கென்று நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். முதல் பக்கத்தில் 'அறியாமைப் பதிவேடு' என்று சிவப்பு மையில் எழுதி, வரிசை எண், தேதி, பெயர், கேள்வி, கிடைத்த பதில் என்று கட்டம் போட்டிருந்தார். ஆறு வருடத்தில் நாலு நோட்டு தீர்ந்தது. நாடு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

பெட்டியில் அவருக்கு எதிரே தினமும் உட்கார்ந்து வருபவர் சிக்கந்தர் பாட்சா. சொந்த ஊர் கோட்டக்குப்பம், குடியிருப்பு விழுப்புரம், லுங்கிக் கடை திண்டிவனம். பொறுமைசாலி.

"பாய், ஒட்டகச்சிவிங்கி கழுத்துல எத்தினி எலும்பு?"

"அத்தெ எதுக்கு சார் எண்ணிக்கினு? அதுக்கு கழுத்து வலிக்குதாமா?"

"ஏழு! நமக்கு எத்தினியோ அத்தினிதான். ஏழே ஏழு!"

"அப்ப நம்மளவிட அது ஒண்ணும் ஒசத்தி இல்லேன்னு சொல்லுங்க."

தாண்டவராயன் பெருமூச்சு விட்டு நோட்டைத் திறந்தார். 'லுங்கி வியாபாரி. ஒட்டகச்சிவிங்கி. பூஜ்யம்' என்று பதிந்தார். வண்டி பேரணி தாண்டுவதற்குள் ஒரு வாத்தியாரும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியின் கணக்கப்பிள்ளை ஒருவரும் அதே பக்கத்தில் இடம் பிடித்தார்கள். சில நாள் பெட்டியில் அவரைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருக்கும். அறிவுக்கு மக்கள் தருகிற மரியாதை அது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு மகளாகப் பிறப்பது லேசான காரியமல்ல. கிருஷ்ணவேணி பிறந்திருந்தாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி தின்று, காபி குடித்து, பெண்ணை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பாக ஒரு தேர்வு எழுத வேண்டும். வாய்மொழித் தேர்வுதான். மொத்தம் இருபத்தைந்து கேள்வி. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"ஆஸ்திரேலியாவுக்குத் தலைநகரம் எது?"

முதல் மாப்பிள்ளை சிட்னி என்றார். இரண்டாவது மாப்பிள்ளையும் சிட்னி. மூன்றாவது மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்து, மெல்போர்ன் என்றார். மூவரும் நல்ல வேலையில் இருந்தவர்கள், நிலம் நீச்சு உள்ளவர்கள், கிருஷ்ணவேணியைப் பிடித்திருக்கிறது என்று சொன்னவர்கள். ஆனால் கான்பெரா தெரியாதவர்கள். அவர்கள் பெற்றோருக்கு மூன்றாம் நாள் தபால் அட்டை போனது. 'தங்கள் மகன் தேர்வில் நூற்றுக்குப் பதினாறு பெற்றுள்ளார். வருந்துகிறோம். மேலும் முயற்சி செய்யவும்.'

நான்காவதாக வந்தவர் சீனுவாசன். திண்டிவனம் கரண்ட் ஆபீசில் ஒயர்மேன். அம்மா மட்டும் கூட வந்திருந்தார்.

"ஆஸ்திரேலியா?"

"தெரியாதுங்க."

இந்தப் பதில் தாண்டவராயனைத் திடுக்கிட வைத்தது. மற்றவர்கள் குறைந்தபட்சம் தப்பாகச் சொல்கிற மரியாதையாவது காட்டினார்கள்.

"சரி, உன் தொழிலுலயே கேக்கறேன். மின்சார பல்ப கண்டுபுடிச்சது எந்த வருசம்?"

"அதுவும் தெரியாதுங்க. பல்பு எரியலேன்னா ஏன் எரியலேன்னு கண்டுபுடிப்பேன்."

அந்த நேரம் பார்த்து வீட்டில் விளக்கு அணைந்தது. சீனுவாசன் எழுந்து மெயின் போர்டுக்குப் போனார். கிருஷ்ணவேணி மெழுகுவத்தி பிடித்தாள். ஃபியூஸ் கட்டி முடிக்க ஐந்து நிமிடம் போதும். அன்றைக்கு இருபது நிமிடம் ஆனது. இருட்டில் உட்கார்ந்திருந்த தாண்டவராயன், சீனுவாசனின் அம்மாவுக்கு மின்மினிப் பூச்சி எப்படி ஒளி விடுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கு வந்ததும் மீதி இருபத்துமூன்று கேள்வியும் கேட்டுவிட்டார். நூற்றுக்கு நான்கு. பதிவேட்டில் அதுவரை இல்லாத சாதனை.

"வேல தெரியறது வேற, அறிவு வேற" என்று மனைவி அம்சாவிடம் அடித்துச் சொன்னார். தபால் அட்டை போனது.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. விழுப்புரத்துத் தரகர்கள் அவர் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் அம்சா அழுதது கூடத்தில் இருந்த அவருக்குக் கேட்டது.

"இன்னும் ஒரு வருசம் போனா ரெண்டாந்தாரமாத்தான் கேட்டுக்கினு வருவாங்க, பாத்துக்கோ. நீயாவது அவர்கிட்ட வாயத் தொறந்து பேசக்கூடாதா?"

"பேசினா நம்மளயும் கேள்வி கேப்பாரு" என்றாள் கிருஷ்ணவேணி. "ஆனா ஒண்ணும்மா. நான் ஓடிப்போனேன்னு ஊருல ஒருத்தர் சொல்லக் கூடாது. அப்பா கையெழுத்து இல்லாம எனக்குக் கல்யாணம் கெடையாது."

தாண்டவராயனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வளர்ப்பு என்றால் இதுவல்லவா வளர்ப்பு! மகளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தார். ஆனால் அந்த வருடத்துப் பொது அறிவுப் புத்தகம் அன்றைக்குத்தான் தபாலில் வந்திருந்தது. பிரிக்காமல் மேசைமேல் கிடந்தது.

அடுத்த சில வாரங்கள் தாண்டவராயனின் வாழ்க்கையில் பொற்காலம். புதுப் புத்தகம் எழுநூறு பக்கம். ரயிலில் படித்தது போக, அலுவலகத்தில் கோப்பைத் திறந்து அதற்குள் புத்தகத்தை வைத்துப் படித்தார். வருகிற காகிதங்களில் எந்த மூலையில் கையெழுத்து என்பது அவர் விரலுக்கே தெரியும். கண்ணை அதற்காக வீணாக்குவதில்லை.

ஒரு நாள் பியூன் கண்ணையன் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா, கல்யாண நோட்டீசு. ஒரு தபா பாத்துட்டுப் போடுங்க."

"எத்தினி வருசமாடா போட்டுக்கினு இருக்கேன்?" தாண்டவராயன் நைல் நதியின் நீளத்திலிருந்து தலையை எடுக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கண்ணையன் நகரவில்லை. "நெஜமாவே ஒட்டிடட்டுங்களா?"

"முப்பது நாள் எல்லாரு கண்ணுலயும் படற எடத்துல ஒட்டணும். ஆட்சேபண இருக்கறவன் வந்து சொல்லணும். சட்டம்டா! இதுகூடத் தெரியாம அரசாங்கச் சம்பளம் வாங்கறியே."

கண்ணையன் ஒட்டினான். தாண்டவராயனின் நாற்காலிக்கு நேர் எதிரே இருந்த பலகையில், அவர் நிமிர்ந்தால் தெரிகிற உயரத்தில் ஒட்டினான். தாண்டவராயன் நோட்டைத் திறந்து, 'பியூன். நோட்டீஸ் ஒட்டும் சட்டம். பூஜ்யம்' என்று பதிந்தார்.

அந்த மாதம் ஊராருக்கு அறிவு இன்னும் மட்டமாகிவிட்டதை அவர் கவலையோடு கவனித்தார். சம்பந்தமில்லாமல் பேசினார்கள். சிக்கந்தர் பாட்சா ஒரு நாள் காலையில், "இன்னா சார், வூட்ல விசேஷமாமே?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எங்க வூட்லயா? யாரு சொன்னது?"

"திண்டிவனமே பேசிக்கினு இருக்குது சார்."

"தப்பான தகவல், பாய். எதையும் ஆதாரத்தோட பேசணும்."

சிக்கந்தர் பாட்சா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாண்டவராயன் நோட்டைத் திறப்பதைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அம்சா அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவையை விரித்துப் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பட்டுப்புடவைக்கு எத்தினி பட்டுப்புழு சாவுது, தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க. இந்தப் புடவ யாருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பேச்ச மாத்தாத. ஆயிரக்கணக்குல சாவுது!"

அம்சாவும் பதிவேட்டில் ஏறினாள். வரிசை எண் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

முப்பது நாள் முடிந்தது. கண்ணையன் அதே தாளைக் கொண்டுவந்தான். தாண்டவராயன் அதன் கீழே, 'ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை' என்று தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, கையொப்பமிட்டு, தேதி போட்டார். புத்தகத்தில் அப்போது எரிமலைகள் நடந்துகொண்டிருந்தன.

மறுநாள் பதினொரு மணிக்கு அதிகாரி லூர்துமேரி அம்மாள் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சான்றிதழ் எழுத வேண்டும். தாண்டவராயன் பேனாவோடு உள்ளே போனார். அறையில் அம்சா நின்றுகொண்டிருந்தாள். சிக்கந்தர் பாட்சா நின்றுகொண்டிருந்தார். அரக்குப் பட்டுப்புடவையில் கிருஷ்ணவேணி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஓர் இளைஞன், அவன் பக்கத்தில் அவன் அம்மா.

"நீங்கள்லாம் எங்க இங்க?" என்று கேட்டார் தாண்டவராயன். அவர் வாழ்க்கையில் பதில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

லூர்துமேரி அம்மாள் நோட்டீசை அவர் பக்கம் திருப்பி வைத்தார். தாண்டவராயன் அலுவலகக் காகிதம் ஒன்றை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். படித்து முடித்ததும் அவருக்குப் பழைய தெம்பு கொஞ்சம் திரும்பி வந்தது.

"மேடம், இதுல தப்பு இருக்குது. மணப்பெண் வயசு இருபத்தேழுன்னு போட்டிருக்குது. என் பொண்ணுக்கு இருபத்திரண்டுதான்."

லூர்துமேரி அம்மாள் பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்து வைத்தார். இருபத்தேழுதான்.

"தொழிலும் தப்பு. டைப் கிளாஸ்ல வாத்தியார்னு எழுதியிருக்குது. இவ அங்க கத்துக்கினு இருக்கா."

"சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சு மூணு வருசம் ஆச்சுப்பா" என்றாள் கிருஷ்ணவேணி.

"சரி, இந்த ஆளு யாரு?"

"நான் நாலாவதுங்க" என்றார் சீனுவாசன் பணிவாக. "நூத்துக்கு நாலு."

தாண்டவராயன் அதிகாரி பக்கம் திரும்பினார். "மேடம், நான் ஆட்சேபண பண்றேன்."

"தாண்டவராயன், முப்பது நாள் நேத்தோட முடிஞ்சிப்போச்சு. யாரும் ஆட்சேபிக்கலேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இது செல்லாதுன்னு நான் மேலிடத்துக்கு எழுதினா, மொதல்ல உங்க வேலதான் போவும்."

தாண்டவராயன் கிருஷ்ணவேணியைப் பார்த்தார். "அப்பாவ ஏமாத்திட்டல்ல?"

"ஏமாத்தலப்பா. வேற ஊருல போய்ப் பண்ணியிருக்கலாம், மயிலம் கோயில்ல ஒரு தாலி கட்டியிருக்கலாம். வேணாம், எங்க அப்பா ஆபீசுலதான் நோட்டீசு குடுப்பேன்னு நான்தான் இவர்கிட்ட சொன்னேன். முப்பது நாளும் சாயந்திரம் வண்டி வர்ற நேரத்துக்கு வாசப்படியில நின்னேன். இன்னிக்குப் படிச்சிருப்பாரு, வந்து ரெண்டு அற விடுவாரு, கத்துவாருன்னு. நீங்க வந்து ஒரு நாள் நைல் நதியப் பத்தி சொன்னீங்க, ஒரு நாள் எரிமலயப் பத்தி சொன்னீங்க."

சீனுவாசனின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாட்சிக்கு வந்த சிக்கந்தர் பாட்சா கூரையைப் பார்த்தார். தாண்டவராயனுக்கு உலகத்தில் எத்தனை எரிமலை உயிரோடு இருக்கிறது என்பது தெரியும். அதை இப்போது சொல்வது பொருந்தாது என்பதும், ஆறு வருடத்தில் முதல் முறையாக, தெரிந்தது.

"நேரமாவுது" என்றார் லூர்துமேரி அம்மாள். "சான்றிதழ எழுதுங்க."

வேறு எழுத்தர் இல்லை. தாண்டவராயன் உட்கார்ந்தார். அச்சடித்த படிவத்தை நேராக வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் எல்லாரிடமும் கேட்பதுபோல் கட்டம் கட்டமாகக் கேட்டு எழுத ஆரம்பித்தார். முப்பது வருடப் பழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போனது.

"மணமகள் பெயர்?"

"கிருஷ்ணவேணி."

"வயது?"

"இருபத்தேழு."

"தொழில்?"

"டைப்ரைட்டிங் ஆசிரியை."

"தந்தை பெயர்?"

அறையில் இருந்த எல்லாருக்கும் அதற்குப் பதில் தெரியும். கேட்டவருக்கே அது தெரிந்திருக்கிறதா என்று பார்க்க, கிருஷ்ணவேணி அதை உடனே சொல்லாமல் காத்திருந்தாள்.