அவசரத்துக்கு இழுக்கவும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நான் ஒரு லேபல் எழுதினேன்.
2. சாச்சா அதை வாசித்தார்.
3. ஹெலிகொப்டரின் ஜன்னல் புல்லில் விழுந்தது.

நான் எழுதியதில் பிழையே இருக்காது என்று அப்போது நம்பினேன். (இப்போதும் நம்புகிறேன், அந்த ஒன்றைத் தவிர.)

சிகிரியா பக்கம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறக்கும் ஒரு சின்னக் கம்பனியில் தொழில்நுட்பப் பயிற்சியாளராக இருந்தேன். அவசர காலத்தில் வெளியேறும் ஜன்னல்களுக்கு மும்மொழியிலும் லேபல் தயாரிப்பது என் பொறுப்பு. கொழும்பிலிருந்து வரும் பரிசோதகர் சரி என்றால் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வாப்பாவின் ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுக்க வேண்டும்.

விதிகள் எனக்கு மனப்பாடம். கைபிடி சிவப்பாக இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக, மங்கல் வெளிச்சத்திலும் தெரிய வேண்டும். 'ஆபத்து நேரத்தில் மட்டும் கைபிடியை இழுக்கவும்' என்பதற்கு அந்தப் பெரிய எழுத்தில் இடம் போதவில்லை. வெட்டினேன். 'அவசரத்துக்கு இழுக்கவும்' என்று வந்தது. இரண்டே சொல். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஹெலிகொப்டரில் ஏறியே இராத, தமிழ் வாசிக்கும் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்று பரிசோதகர் கேட்டிருந்தார். யட்டவத்த சந்தையில் மிளகு வியாபாரம் செய்யும் வாப்பாவின் தம்பி, என் சாச்சாவைக் கூட்டிப் போனேன். பரிசோதகர் பிந்தினார். வெயிலுக்கு சாச்சா மூன்று தெம்பிலி இளநீர் குடித்தார். பரிசோதகர் வந்ததும் சாச்சாவை உள்ளே இருத்தி, இருக்கைப் பட்டி பூட்டி, கதவைச் சாத்தினோம். நான் வெளியே நின்று எழுத்தின் உயரத்தை விளக்கினேன். சாச்சா கையைக் காட்டினார். நானும் காட்டினேன். இன்னும் வேகமாகக் காட்டினார். சிரித்து வைத்தேன்.

டொக் என்றது. ஜன்னல் முழுதாகக் கழன்று என் காலடியில் விழ, அந்த இடத்தில் சாச்சாவின் தலை தெரிந்தது.

"சாச்சா, என்ன செஞ்சீங்க?"

"நீதானே புள்ள எழுதி வச்சிருக்கே, அவசரத்துக்கு இழுக்கச் சொல்லி. எனக்கு அவசரம். கக்கூஸ் எந்தப் பக்கம்?"

பரிசோதகருக்குத் தமிழ் தெரியாது. சாச்சா என்ன சொன்னார் என்று கேட்டார். அதைச் சிங்களத்தில் சொல்வதும் என் கடமையாயிற்று. (கக்கூஸுக்கு மரியாதையான சிங்களச் சொல் அந்த நேரம் பார்த்து மறந்துபோனது.) அவர் சிரிக்காமல் எழுதினார்: ஜன்னல் சரியாகக் கழன்றது, பயணி யாருடைய உதவியுமின்றி வாசித்து விளங்கிக்கொண்டார், விளங்கிய விஷயம்தான் பிழை. லேபலை மாற்றிக் காட்டும்வரை ஹெலிகொப்டர் பறக்கக்கூடாது என்றார். என் நிரந்தரமும் அதோடு தரையில் நின்றது.

வாசகத்தைச் சுருக்காமல், லேபலையே பெரிதாக்கினேன். இரண்டாம் முறை சாச்சா காலையிலிருந்து ஒன்றும் குடிக்காமல் வந்தார். வாசித்தார். "இது ஆபத்துக்கு. எனக்கு இப்ப ஆபத்து இல்ல" என்று இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். பரிசோதகர் கையெழுத்திட்டார்.

இன்றைய நிலவரம்: என் வேலை நிரந்தரம். வீட்டில் யாராவது அவசரம் என்றால், "இழுக்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். பழைய லேபல் சாச்சா வீட்டுக் கக்கூஸ் கதவில் ஒட்டியிருக்கிறது. அங்கே அதில் பிழை இல்லை.