ஒரு சுத்து சுத்தினா பிடிச்சுக்கும்

உலகத்தில் கார் வைத்திருப்பவர்கள் உண்டு, கார் இல்லாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், காரையும் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கும் ஓடுகிற மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறது. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு தார்ப்பாய், தார்ப்பாய்க்குள் ஒரு வண்டி, வண்டிக்குள் வீட்டில் வேறெங்கும் வைக்க இடமில்லாத சாமான்கள், இத்தனைக்கும் வெளியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஓர் ஆள். அவரிடம் போய், "என்ன சார், வண்டி ஓடுதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதில் முடிவதற்குள் உங்கள் பஸ் போய்விடும்.

நம்ம ஆளுக்குத் தெருவில் கார்க்காரர் என்று பெயர். அலுவலகம் பக்கத்துத் தெருவுக்கு மாறியபோது, இனிமேல் வண்டிக்கு என்ன வேலை என்று கொட்டகையில் நிறுத்தினார். அப்புறம் அலுவலகம் மறுபடியும் தூரமாகப் போய்விட்டது. வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே ஆறு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. "ஓடாத வண்டிய எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டால் அவருக்கு முகம் சிவந்துவிடும்.

"ஓடாத வண்டி இல்ல சார், ஓட்டாத வண்டி. ரெண்டும் வேற வேற. ஒரு சுத்து சுத்தினா பிடிச்சுக்கும்."

அந்த ஒரு சுத்தைத்தான் ஆறு வருஷமாக யாரும் சுத்தவில்லை.

சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கொட்டகைக்குப் போவார். தார்ப்பாயை மடிப்புக் கலையாமல் எடுப்பார், பானெட்டைத் திறப்பார், உள்ளே எட்டிப் பார்ப்பார், "ம்" என்பார், ஒரு கம்பியைத் தொட்டுப் பார்ப்பார், கையைத் துடைப்பார், பானெட்டை மூடுவார், அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டுவார், தார்ப்பாயைப் போர்த்துவார், வீட்டுக்குள் வந்து ஒரு நாள் முழுக்கக் கல் உடைத்தவர் போல ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிடுவார். என்ன வேலை நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அலுப்பு மட்டும் நிஜமான அலுப்பு.

பெருமை வேறு. "நான் நிறுத்தி வச்ச மாதிரி எவனும் வண்டிய நிறுத்தி வச்சிருக்க மாட்டான். எலி புகுந்துடக் கூடாதுன்னு ஒவ்வொரு ஓட்டையா தேடித் தேடி அடைச்சேன். ஒரு எறும்பு உள்ள போகட்டும் பாப்போம்." இதைக் கேட்காத விருந்தாளி அந்த வீட்டுக் காபியைக் குடித்ததே கிடையாது.

இனி அவர் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த அம்மா தையல்காரி. கைராசிக்காரி என்று ஒரு காலத்தில் பேர் வாங்கியவர். வண்டி நின்ற அதே சமயத்தில்தான் அவர் தொழிலும் நின்றது. பாங்க்கில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, மகளுக்குக் கவுன் தைக்க நல்ல நீல வெல்வெட் துணி கொடுத்திருந்தார். அளவெடுத்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கத்திரிக்கோலை எடுக்கப் போன நேரத்தில் துணியைக் காணோம். வீட்டையே தலைகீழாகப் புரட்டினார்கள். அந்த வீட்டில் எது காணாமல் போனாலும் முதல் கேள்வி, "கார்ல பாத்தியா?" என்பதுதான். டிக்கியைப் பார்த்தார்கள், சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். டார்ச் பிடித்ததே கார்க்காரர்தான். பிடித்துக்கொண்டே, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கவேண்டியதன் அவசியத்தைப் பற்றி மனைவிக்கு நீளமாகப் புத்தி சொன்னார்.

துணி கிடைக்கவில்லை. பாங்க் அம்மாளுக்குத் துணிக்குத் துணி வாங்கிக் கொடுத்தும் வாய் மூடவில்லை. "நல்ல துணியா குடுத்தா சுருட்டிக்குவாங்க" என்று பாங்க் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். அதோடு சரி, வந்தவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்த அம்மா அடுப்படி மூலையில் கேஸ் சிலிண்டரில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கிழிந்த தலையணை உறைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். திருடி என்ற பேரோடு அதே தெருவில் காய் வாங்கப் போவது எப்படி இருக்கும் என்று கார்க்காரர் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவருக்கு பேட்டரியைப் பற்றி யோசிக்கவே நேரம் சரியாக இருந்தது.

இப்படி இருக்கும்போது, இந்தக் கதையெல்லாம் அறியாத ஒரு புதுப் பள்ளிக்கூடம் சீருடை தைக்க ஆள் தேடி வந்தது. மூன்று மெஷின் போட இடம் இருந்தால் வேலை உங்களுக்குத்தான் என்றார்கள். இடம் எங்கே இருக்கிறது? கொட்டகைதான் இருக்கிறது. அந்த அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பழைய இரும்பு எடுக்கறவர வரச் சொல்லிட்டேன். பொழுது சாயறதுக்குள்ள வண்டி பிடிச்சா நான் வாயத் திறக்கல, வண்டி உங்களோட இருக்கட்டும். இல்லன்னா அவர் எடுத்துட்டுப் போவாரு. நீங்களும் வாயத் திறக்கக் கூடாது."

"ஒரு சுத்து..." என்று ஆரம்பித்தார் கார்க்காரர்.

"அதத்தான் சுத்துங்க" என்று ரசத்தை ஊற்றினார் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், அன்றைக்கு மனிதர் ஒரு குறையும் வைக்கவில்லை. வாரம் முழுக்க வீடியோ பார்த்துத் தேறியிருந்தார். புது பேட்டரி வைத்தார். வார்னிஷ் மாதிரி நாறிப்போன பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினார். பிளக்குகளைக் கழற்றி ஓட்டைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்தார். ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையாலேயே மெல்லத் திருப்பினார். திரும்பியது! இறுகிப்போகவில்லை! அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. குழந்தை தவழ்ந்ததற்குக்கூட இவ்வளவு கலங்கவில்லை என்று மனைவி பின்னால் சொன்னார்.

சாவியைத் திருப்பினார். கர், கர், கர். பிடிக்கவில்லை.

அதற்குள் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தார். இவர் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர், ஆகவே எல்லாம் தெரிந்தவர். "பிளக்குதான் மாமா" என்றார். பிளக்கை மாற்றினார்கள். கர், கர். "பெட்ரோல் வரல" என்றார். பெட்ரோல் வந்தது. எதிர் வீட்டு இன்ஷூரன்ஸ்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, வண்டியை வாசலைப் பார்த்து நிறுத்தியிருந்தால் அதற்கே கிளம்பும் ஆசை வந்திருக்கும் என்றார். இது சரியாக இருக்குமோ என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார்கள்.

பழைய இரும்புக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே தன் மினி லாரியை நிறுத்திவிட்டு, காருக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். துக்கம் விசாரிக்கும் முகம் அவருக்குத் தொழிலோடு வந்தது.

"நல்ல வண்டியா இருந்துச்சு" என்றார்.

"இருந்துச்சுன்னு ஏங்க சொல்றீங்க? இன்னும் இருக்கே" என்றார் கார்க்காரர்.

"இருக்குதான். அமைதியா இருக்கு பாருங்க."

கர், கர். வெயில் மதிலை விட்டு இறங்கியது. கார்க்காரர் சாவியை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் தடவினார். வண்டி போய்விட்டால் இனிமேல் தெருவில் அவரை என்னவென்று கூப்பிடுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை எங்கே போய் நிற்பார்? மனைவி எல்லாருக்கும் டீ கொண்டுவந்து, இரும்புக்காரர் பக்கத்தில் நின்றார்.

"மாமா, கடைசியா ஒரு தடவ. விடாம சுத்துங்க" என்றார் தம்பி.

விடாமல் சுற்றினார். வண்டி இருமியது, திமிறியது, வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்க ஒரு வெடி. சைலன்சர் குழாயிலிருந்து கரியும் புகையுமாக ஏதோ ஒன்று சீறிக்கொண்டு வந்து இரும்புக்காரர் மடியில் விழுந்தது. டீ கொட்டியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அப்பப்பா, என்ன ஓட்டம்! தடங்கலில்லாமல், சிணுங்கலில்லாமல், நேற்றுதான் நிறுத்தியதைப் போல ஓடியது. கார்க்காரர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். "நான் சொன்னேன்ல? ஒரு சுத்து சுத்தினா பிடிச்சுக்கும்னு சொன்னேன்ல?"

இரும்புக்காரர் மடியில் கிடந்ததை இரண்டு விரலால் தூக்கி, "அம்மா, இது உங்க வீட்டுதா?" என்று நீட்டினார். பாலிதீன் பையில் சுருட்டி, சணலால் கட்டிய ஒரு துணி மூட்டை. பை பாதி உருகியிருந்தது. அந்த அம்மா சணலை அவிழ்த்தார். மேல் சுற்று கரி, அடுத்த சுற்று கரி, அதற்கும் உள்ளே நீல வெல்வெட். அதில் சாக்குக்கட்டிக் கோடு. கோட்டின் முனையில் அவர் குத்திய குண்டூசி துருப்பிடித்து அப்படியே இருந்தது.

எலி புகாமல் இருக்க ஒவ்வொரு ஓட்டையாகத் தேடித் தேடி அடைத்தாரே, அதில் இந்தச் சைலன்சர் குழாயும் ஒன்று. மெஷின் பக்கத்தில் ஏதோ துணி கிடந்தது, எடுத்துச் சுருட்டினார், அடைத்தார், மறந்தார்.

"வண்டிய நிறுத்துங்க" என்றார் மனைவி. நிறுத்தினார். "கார்ல பாத்தியா, கார்ல பாத்தியான்னு அன்னிக்கு அத்தன தடவ கேட்டீங்களே."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் காலில் விழுந்திருப்பார்கள். நம்ம ஆள் என்ன சொன்னார் தெரியுமா?

"நீ டிக்கியில பாத்த. சைலன்சர்ல பாக்கலையே."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். இரும்புக்காரர் எழுந்து, இது குடும்ப விஷயம், நான் அப்புறம் வருகிறேன் என்று கிளம்பப் பார்த்தார். அந்த அம்மா அவரை நிறுத்தினார்.

"சொன்ன பேச்ச நான் மாத்த மாட்டேன். வண்டி பிடிச்சிருச்சு, அவரோடயே இருக்கட்டும். ஆனா கொட்டகையில இருக்கும்னு நான் சொல்லல. தெருவுல ஓரமா நிக்கட்டும். நீங்க கொஞ்சம் இழுத்து விட்டுட்டுப் போங்க."

இழுக்க என்ன அவசியம், நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று கார்க்காரர் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் பாடியது. சக்கரம் சுற்றவில்லை. பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக, ஆறு வருஷம் கழித்து அந்த வண்டி தெருவுக்கு வந்த காட்சி இதுதான்: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே முதலாளி ஸ்டியரிங்கைப் பிடித்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, இரும்புக்காரரின் மினி லாரி அதைப் பின்பக்கமாகவே தரதரவென்று இழுத்துப்போனது.

அந்த அம்மா புடவையைக்கூட மாற்றவில்லை. கரித்துணியைக் கையில் பிடித்தபடி நேராக பாங்க் அம்மாள் வீட்டுக்கு நடந்தார். அவர் பின்னால் பாதித் தெரு நடந்தது.

இப்போது கொட்டகையில் மூன்று மெஷின் ஓடுகிறது. பாங்க் அம்மாளே வாடிக்கை பிடித்துக் கொடுக்கிறார். கார்க்காரர் தெரு ஓரத்தில் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருக்கிறார். கேட்டுப் பாருங்கள், சொல்வார்: "பிரேக்தான் சார். ஒரு தட்டு தட்டினா விட்டுடும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் தார்ப்பாய் போர்த்தி ஒன்றும் இல்லையா? துணி காயப்போடுகிற அந்த உடற்பயிற்சி மெஷின்? தூசு தட்டினால் போதும் என்று வைத்திருக்கிற ஆர்மோனியம்? சரி, அதெல்லாம் உங்கள் பாடு. ஆனால் இதைக் கீழே வைத்தவுடன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களோடு குடியிருப்பவரிடம் போய், நீ ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிற பொருள் என்ன என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, நீங்கள் எதை எதை எங்கே அடைத்தீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.