நாலு பெட்டியும் ஸ்பாம் அண்ணனும்

கண்டி நகரத்தில் குப்பைக்கு எழுந்து நின்று மரியாதை செய்யக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஸ்பாம் அண்ணன்தான். ஊரில் எல்லோரும் காலையில் தங்களுக்கு வந்த ஈமெயிலைப் பார்ப்பார்கள். அவர், வரக்கூடாது என்று தடுத்து வைக்கப்பட்ட ஈமெயிலைப் பார்ப்பார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டு ஸ்பாம் பெட்டியைத் திறந்தாரென்றால், உடம்பு மெலியும் மாத்திரையிலிருந்து ஒரே வாரத்தில் பணக்காரராகும் வழி வரை ஒன்று விடாமல் வாசிப்பார். இடையிடையே அனுதாபமும் தெரிவிப்பார்.

"பாவம் பிள்ளை, இந்த மனுசிக்குப் போன மாசமும் புருசன் செத்தவர். இந்த மாசமும் செத்திட்டார். ரெண்டு தரமும் சொத்தை எங்கட ஒஃபிசுக்குத்தான் எழுதி வைச்சிருக்கிறா."

எங்கள் ஒஃபிஸ் என்பது கண்டியில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போக உதவித்தொகை கொடுக்கும் ஒரு சிறிய நிதியம் அது. இருந்தது மூன்றே பேர். பிலிமத்தலாவையிலிருந்து பஸ் ஏறி வரும் செயலாளர் ஐயா, ஒரு காலத்தில் பாடசாலை அதிபராக இருந்தவர்; மேசையில் தூசி இருந்தால் அதற்கும் விளக்கம் கேட்பார். அடுத்தது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்ட ஸ்பாம் அண்ணன். மூன்றாவது நான், மஹய்யாவையிலிருந்து நடந்தே வேலைக்கு வரும் தட்டச்சுக்காரி. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லி என்னை எடுத்திருந்தார்கள். வீட்டில் என் சம்பளத்தை நம்பி மூன்று பேர் இருந்தார்கள்.

அண்ணனுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மத்தியானச் சோறு கொண்டுவரும் கடைக்காரர்கூடப் பார்சலின் மேல் 'ஸ்பாம்' என்றுதான் எழுதி அனுப்புவார். அவரும் அதைப் பெருமையாகவே வாங்கிக்கொள்வார்.

நிதியத்துக்கு ஈமெயில் முகவரி ஒன்று போதும் என்றுதான் சாதாரண மனிதர்கள் நினைப்பார்கள். அண்ணன் நான்கு வைத்திருந்தார். நான்கும் நான்கு வெவ்வேறு இலவச சேவைகளில். எந்தச் சேவை குப்பையை ஒழுங்காக வடிகட்டுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒன்றை நம்பக்கூடாது என்பது அவர் கட்சி. அந்தக் கம்பெனிகளின் பெயரை அவர் வாயால் சொன்னதே இல்லை. இலவசமாகச் சோறு போடுகிறவனைப் பெயர் சொல்லிக் குறை பேசக்கூடாதாம். ஆகையால் பட்டப்பெயர் வைத்திருந்தார். எவரைக் கண்டாலும் சந்தேகப்படும் பெட்டி 'இன்ஸ்பெக்டர்'. நல்ல ஆங்கிலத்தில் எழுதினால் எந்தக் கள்ளனையும் கைபிடித்து உள்ளே அழைத்துப்போகும் பெட்டி 'மாப்பிள்ளை'. ஒரு நாளைப்போல் மறுநாள் இல்லாத பெட்டி 'மழைக்காலம்'. வந்தவர்களையெல்லாம் வாசல் திறந்து உள்ளே விட்டுவிடும் நான்காவது பெட்டி 'சத்திரம்'.

மாதக் கடைசியில் நான்குக்கும் மார்க் போடுவார். மார்க் போடுவதற்குக் குப்பை வேண்டுமே! வரும் குப்பை போதாமல் நிதியத்தின் பெயரை விளம்பரக்காரர்கள் எல்லோரிடமும் தானே பதிந்து வைத்தார். ஒரு திங்கட்கிழமை செயலாளர் ஐயா வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார்.

"ஏங்க, முடி வளர்ற எண்ணெய் பத்தி எனக்கு ஒரே நாள்ல முப்பது மெயில் வந்திருக்கே. யாரு என்னைப் பத்தி எழுதிப் போட்டது?"

"எண்ணெய் உங்களுக்கில்லை சேர், மழைக்காலத்துக்கு. அது எப்பிடித் தடுக்குது எண்டு பாக்கிறன்" என்றார் அண்ணன்.

ஐயா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. திரும்பி உள்ளே போய்விட்டார்.

இதைவிடப் பெரிய கூத்து லொத்தர்ச் சீட்டு விஷயம். சோதனைக்காக அண்ணனே ஒரு பொய்க் கடிதம் தயாரித்து நான்கு பெட்டிக்கும் அனுப்பினார். ஐரோப்பாவில் உங்களுக்கு லொத்தர் விழுந்திருக்கிறது, வாழ்த்துகள் என்று அருமையான ஆங்கிலம். இன்ஸ்பெக்டர் அதை உடனே பிடித்து ஸ்பாம் சிறையில் போட்டுவிட்டார். மாப்பிள்ளையோ மாலை போட்டு வரவேற்று இன்பொக்ஸில் முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஐயா மாப்பிள்ளையைத் திறந்தார். அரை மணி நேரம் அறைக்கதவு சாத்தியிருந்தது. பிறகு முகமெல்லாம் வெளிச்சமாக வந்து, பேக்கரிக்கு ஆள் அனுப்பி எல்லோருக்கும் பெட்டிஸும் கேக்கும் வாங்கிக் கொடுத்தார். காரணம் கேட்டதற்கு "சும்மாதான், சாப்பிடுங்க" என்றார். அண்ணன் தன் பங்குக்கு வந்த இரண்டு பெட்டிஸையும் சாவகாசமாகத் தின்று முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, "மாப்பிள்ளைக்கு இந்த மாசம் மார்க் குறையப் போகுது சேர்" என்றார். அதன் பிறகு இரண்டு வாரம் ஐயா எங்கள் இருவருடனும் பேசவில்லை. நான் செய்த குற்றம், சிரித்தது.

அவ்வருட விண்ணப்பம் கோரும் அறிவித்தலைத் தயாரித்தவரும் அண்ணன்தான். விண்ணப்பத்தை நான்கு முகவரிக்கும் அனுப்புங்கள் என்று போட்டுவிட்டார். தொலைபேசி ஓயவில்லை. "நாலு உதவித்தொகைங்களா?" என்று ஒருவர் கேட்டார். "நாலுல எதுக்கு அனுப்புனா சீக்கிரம் கிடைக்கும்ங்க?" என்று ஒரு அம்மா ரகசியமாகக் கேட்டார். பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியது. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த மனிதர்மேல் எரிச்சல்தான். நான்கு பெட்டி, நான்கு குப்பைத்தொட்டி, அத்தனையையும் தினமும் கிளறுவது என்ன வேலை?

ஒருநாள் பின்னேரம் தேநீர் குடிக்கும்போது அதைக் கேட்டும்விட்டேன்.

"ஏண்ணே, குப்பைன்னு மெஷினே ஒதுக்கி வச்சிருச்சு. அதைப் போயி ஏன் வாசிக்கிறீங்க?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ரெண்டு விதமான பிழை இருக்குது பிள்ளை. கெட்டதை உள்ள விடுறது ஒண்டு. நல்லதைக் கெட்டதெண்டு நிப்பாட்டுறது மற்றது. முதலாவதுக்கு நான் ஒரு மார்க்தான் வெட்டுவன். மற்றதுக்குப் பத்து."

"ஏன் அவ்வளவு?"

"சண்டை நேரம் எனக்கு இஞ்ச கண்டியில ஒரு இன்டர்வியூ. நல்ல வேலை. ஆமிக்காரர் பஸ்ஸை மறிச்சு அடையாள அட்டையைப் பாத்தினம். பிறந்த இடத்தைப் பாத்திட்டு, நீ ஒதுங்கி நில் எண்டினம். நிண்டன். வெயிலுக்க நாப்பது பேர் நிண்டம். பின்னேரம் அஞ்சு மணிக்கு, பிழை ஒண்டும் இல்லை, நீ போகலாம் எண்டு விட்டினம்." கொஞ்சம் சிரித்தார். "இன்டர்வியூ காலமை பத்து மணிக்கு."

நான் என் கோப்பையையும் கீழே வைத்தேன்.

"அந்த நாப்பது பேரில ஒராள்கூடச் சத்தம் போடேல்லை பிள்ளை. ஒதுக்கி வைச்சது சத்தம் போடாது. ஆரும் போய்ப் பாத்தால்தான் உண்டு. இந்த ஒஃபிசில என்ர கையில ஒரு நல்ல கடிதமும் இதுவரைக்கும் தவறினதில்லை."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை நான் வேறு எதற்கும் கேட்டதில்லை. அதைக் கேட்ட பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஊரில் ஒரு மரண வீட்டுக்கென்று அண்ணன் லீவில் போனார். போகும்போது, "ஸ்பாமை ஒருக்காப் பாத்துவிடும் பிள்ளை" என்று என்னிடம் சொல்லிப்போனார். அவர் போய் ஐந்து நாள் கழித்துத்தான் எனக்கு அது நினைவு வந்தது; விண்ணப்ப முடிவு நாள் முந்திய நாளோடு கழிந்திருந்தது. மூன்று பெட்டிகளின் ஸ்பாமையும் திறந்தேன். வழக்கமான மாத்திரை, வழக்கமான விதவை. நடுவில், மூன்றிலும், தலைப்பில்லாத ஒரு மடல், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக அர்த்தமில்லாமல் கொட்டிக்கிடந்தது. ஏதோ வைரஸ் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய்; நினைக்கவே இல்லை. மூன்றிலும் 'அனைத்தையும் நிரந்தரமாக அழி' என்பதை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். சத்திரத்தை மட்டும் தொடவில்லை. அங்கே ஸ்பாம் பெட்டி காலியாகத்தான் இருக்கும். குப்பையெல்லாம் இன்பொக்ஸில் ஆயிரக்கணக்கில் குடியிருந்தது.

அண்ணன் திரும்பி வந்து சில நாளில், தெரிவுக் குழு கூடும் தினத்தன்று, காலை பதினொரு மணிக்கு ஒருவர் படியேறி வந்தார். தெல்தெனிய பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து நின்றார். மகள் சுகந்தினிக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்தது. நேர்முகத்துக்கு மற்றப் பிள்ளைகளுக்கு அழைப்பு வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை.

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து ஐயா இல்லையென்று தலையாட்டினார். "அப்படி ஒரு விண்ணப்பம் வரலீங்களே."

"அனுப்பினோம்ங்க ஐயா. நாலுக்கும் அனுப்பினோம். இது கிடைக்கலைன்னா புள்ளைய அனுப்ப எனக்கு வேற வழி இல்லைங்க."

"இன்னைக்குக் கொடுத்தா இன்னைக்குத் தேதிதான் போடணும். ரெண்டு மணிக்குக் கமிட்டி. வராததை வந்துச்சுன்னு நான் எப்படிங்க எழுதுறது?"

அண்ணன் எழுந்து வந்தார். "அண்ணை, ஆர் அனுப்பினது? நீங்களோ?"

"கொமியூனிகேஷன் கடையிலங்க. தமிழ்ல கடுதாசி அடிச்சாரு. அதை அப்படியே எடுத்து மெயிலுக்குள்ள போட்டு அனுப்பினாரு."

எனக்கு அந்தத் தலைப்பில்லாத மடல் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் தட்டச்சுக் கடைகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தமிழ் அடிப்பார்கள். அந்தக் கணினியில் தமிழாகத் தெரியும். அப்படியே எடுத்து மடலில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிவிடும். நான் தொழில் பழகியதே பாமினியில்தான். என் மொழியையே நான் குப்பை என்று அழித்திருந்தேன்.

அண்ணன் மூன்று பெட்டிகளையும் திறந்து பார்த்தார். ஸ்பாம் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இனிச் சத்திரம்தான்" என்றார். "ஆனா அதுக்குள்ள ஐயாயிரம் விளம்பரம் கிடக்குது. பிள்ளை, இஞ்ச வாரும். பாமினியில 'சுகந்தினி' எண்டு அடிக்கிற மாதிரி இந்தத் தேடுற இடத்தில அடியும். திரையைப் பாக்காதேயும்."

கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. திரையில் ஒரே ஒரு மடல் வந்து நின்றது. தேதி, முடிவு நாளுக்கு மூன்று நாள் முந்தியது.

அண்ணன் அதை எடுத்து வேறொரு பக்கத்தில் போட்டு, முழுவதையும் தெரிவுசெய்து எழுத்துருவை மாற்றினார். அத்தனை அரைப்புள்ளியும் ஒரே நொடியில் தமிழாகின. 'மதிப்புக்குரிய ஐயா, நான் எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான முதலாவது மாணவி' என்று தொடங்கியது கடிதம். தகப்பனார் திரையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார். எல்லாப் பெட்டிகளிலும் கடைசி மார்க் வாங்கும் சத்திரம்தான் அந்தப் பிள்ளையை உள்ளே விட்டிருந்தது.

இரண்டு மணிக்குக் குழு கூடியது. சுகந்தினியின் விண்ணப்பத்தை ஏற்றார்கள். அத்தோடு, மற்ற மூன்று பெட்டிகளில் வந்தது எங்கே போனது என்றும் கேட்டார்கள். ஐயா என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்து நின்றார்.

"அது என்ர பிழை சேர். லீவுக்குப் போற அவசரத்தில நான்தான் பாக்காமல் அழிச்சனான்."

முடிவு நாளுக்கு முன்னரே அழித்துவிட்டதாகப் பதிவானது. அந்த மடல் வந்ததே அவர் லீவில் போன பிறகுதான்; லீவுத் தேதியை யாரும் சரிபார்க்கவில்லை. அன்றோடு ஈமெயில் வேலை அவரிடமிருந்து போய்விட்டது. நான்கு பெட்டியில் மூன்றை மூடச் சொன்னார்கள். அவரைக் கோப்பு அலுமாரிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

பின்னேரம் படியிறங்கும்போது அழுதுகொண்டே கேட்டேன். "ஏண்ணே பொய் சொன்னீங்க? அழிச்சது நான்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். என்னை ஏசுவினம், அதோட சரி. நீர் சொன்னீர் எண்டா உம்மை ஒதுக்கிப் போட்டிடுவினம். பிறகு ஆர் வந்து உம்மைத் தேடி எடுக்கிறது?" பஸ்ஸைக் கண்டுவிட்டார். "வாறன் பிள்ளை."

அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். சுகந்தினி இன்று ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறாள். அண்ணன் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். செயலாளர் ஐயாவை இப்போதும் எப்போதாவது கோயிலடியில் காண்கிறேன். அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால், "நல்ல மனுசன்தான், ஆனா ஒரு தடவை ஒரு புள்ளையோட விண்ணப்பத்தையே அழிச்சிட்டாரு பாருங்க" என்கிறார். ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். இனி முடியாது.

ஐயா, அதை அழித்தது நான். எங்கள் அண்ணனின் கையில் ஒரு நல்ல கடிதமும் தவறியதில்லை.