ரெட் அலர்ட் அண்ணாச்சி கச்சேரிக்கு வருகிறார்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால்தான் தூத்துக்குடியில் மழை பெய்யும் என்று வானிலைக்காரர்கள் சொல்வதெல்லாம் சும்மா. எங்கள் ரெட் அலர்ட் அண்ணாச்சி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டால் போதும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வங்கிக்காரர்களைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, இந்த வாரம் எந்த ஊரில் என்ன கச்சேரி என்பதில்தான் அவருக்கு அக்கறை அதிகம். கோயில் கொடைவிழா மெல்லிசை, மாதா கோயில் திருவிழா பேண்டு, சபாவில் கர்நாடகம், கல்யாண வீட்டு நாகஸ்வரம், எதையும் விடமாட்டார். சாயங்காலம் ஸ்கூட்டரை உதைத்துவிட்டு, "ஏலே, வாரியா?" என்பார். கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனால் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

கச்சேரி கேட்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதல் வரிசை. கண்கள் மூடியிருக்க வேண்டும். தாளம் பக்கத்திலிருப்பவன் தொடையில். பக்கத்திலிருப்பவன் எப்போதும் நான்தான். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் நீண்டுவிட்டால் மறுநாள் நான் நொண்டிக்கொண்டுதான் ஆபீஸ் வருவேன்.

முதல் தடவை கடற்கரையில் புத்தாண்டுக் கச்சேரியில் மழை வந்தபோது யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. இரண்டாவது தடவை, நல்ல சித்திரை வெயில் காலத்தில், பாடகர் பல்லவியைத் திரும்ப எடுத்த நேரத்தில் கொட்டியபோதும் சந்தேகிக்கவில்லை. அதற்கடுத்த மாதம் மாதா கோயில் மைதானத்தில் கீபோர்டுக்குப் போர்வை போர்த்திவிட்டு இசைக்குழு மொத்தமும் மேடைக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருந்தபோது, சுண்டல் விற்பவர்தான் கண்டுபிடித்தார். "மூணு கச்சேரிலயும் நனைஞ்சேன். மூணுலயும் இந்த வெள்ளச் சட்ட முன்னால உக்காந்திருந்துச்சு." அன்றைக்கு விழுந்தது அந்தப் பட்டம்.

அண்ணாச்சி இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வானம் கறுத்து இடி இடித்தாலும் குடை எடுக்கமாட்டார். "குடை கொண்டு போனா குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா?" என்பார். அவர் மானம் காக்க அவருக்குச் சளி பிடிப்பது நியாயம். எனக்கு ஏன் பிடிக்க வேண்டும்?

வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். எங்கள் ஊரோ உப்பை நம்பி இருப்பது. நாலு தூறல் விழுந்தால் பாத்தியில் விளைந்தது பாத்தியிலேயே கரைந்துவிடும். உப்பளக்காரர்கள் ஆபீஸுக்கு போன் போட்டு என்னிடம் ரகசியமாக விசாரிப்பார்கள். "அண்ணாச்சி இன்னைக்கு என்ன கலர் சட்ட போட்ருக்காவ?" வெள்ளை என்று சொன்னால் போதும், அந்தப் பக்கம் போனை வைக்கும் முன்பே "ஏலே, தார்ப்பாய எடுங்கலே!" என்று சத்தம் கேட்கும்.

காயல்பட்டினத்தில் மட்டும் அவருக்கு வேறு மரியாதை. எங்களுக்குப் பழக்கமான ஒருவர் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்து தம்பிக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்களும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மாலையில் சந்தில் பந்தல் போட்டு பாட்டுக் கச்சேரி. அண்ணாச்சி உட்கார்ந்தார், கண்ணை மூடினார், வானம் திறந்துகொண்டது. சந்து வாய்க்காலாகி, நிறுத்தியிருந்த பைக்குகள் பாதி முங்கிவிட்டன. அடி விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கா நனைந்துகொண்டே ஓடி வந்து அண்ணாச்சியைக் கட்டிப் பிடித்தார். "மாஷா அல்லாஹ்! கல்யாணத்தன்னைக்கு ரஹ்மத்து எறங்கிருக்குலா!" மழையை இறைவன் அருள் என்று கொண்டாடுகிற வீடு. எங்களுக்கு பிரியாணி இரண்டாம் தடவை வந்தது. அந்த வாரம் முழுக்க அண்ணாச்சி, "காயல்ல வாடகைக்கு வீடு ஏதும் வருதான்னு பாருடே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்தப் புகழ் எப்படியோ ஆற்றோரம் ஏரல் பக்கம் வரை போய்விட்டது. அங்கே ஒரு கிராமத்தில் வாய்க்காலில் தண்ணீர் இல்லை, நாற்று வாடுகிறது, அம்மன் கோயில் கொடையும் வருகிறது. அண்ணாச்சிக்குக் கார் வந்துவிட்டது! போய் இறங்கியதும் ஆள் உயர மாலை. மேடைக்கு நேர் எதிரே சோபா. பாடகி உயிரைக் கொடுத்துப் பாடுகிறாள். ஊரோ மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சொட்டு விழவில்லை.

அண்ணாச்சி தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு திறந்தவெளிக் கச்சேரியைக் கடைசிப் பாட்டு வரை கேட்டார். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார். கொடைக் கமிட்டித் தலைவர் பக்கத்தில் வந்தார். "என்ன அண்ணாச்சி, வந்த சோலிய பாக்காம கைதட்டிக்கிட்டு நிக்கிய?"

திரும்பிப் போகக் காரைக் கேட்டபோது பஞ்சர் என்றார்கள். நான்கு டயருமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "பாத்தியாலே? எனக்கும் மழைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு ஆயிட்டுல்லா?" தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் காலை வைத்தால் கணுக்காலளவு தண்ணீர். சாயங்காலத்திலிருந்து அடித்துப் பெய்ததாம். எதிரே ஓர் உப்பளக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட மனிதர்தான் ஜெசிந்தாவைக் கண்டெடுத்தார்.

ஜெசிந்தா கடற்கரைத் தெருக்காரி. மாதா கோயில் பாடகர் குழுவில் தொடங்கி, பல வருஷமாக ஊர் ஊராக மெல்லிசைக் குழுக்களில் பின்னால் நின்று கூடப் பாடிக்கொண்டிருந்தவள். வெளியூர்ப் பாடகி முன்னால் நின்று பட்டுச்சேலையில் ஜொலிப்பாள்; மேல் சுரம் வரும்போது மட்டும் இவள் குரல் கைகொடுக்கும். ஒரு கச்சேரியில் அண்ணாச்சி திடீரென்று கண்ணைத் திறந்தார். அவர் நடுவில் கண்ணைத் திறந்து அன்றுதான் பார்க்கிறேன். "ஏலே, முன்னால நிக்கவ சிரிக்கா. பொறத்தால நிக்கவதான் பாடுதா."

அதிலிருந்து அவளை விடவில்லை. எங்கே பார்த்தாலும், "பொறத்தால நின்னது போதும் தாயி, சொந்தமா குழு ஆரம்பி" என்று நச்சரித்தார். அவள் சிரித்துக்கொண்டே நழுவினாள். கடைசியில் ஒருநாள் ஆரம்பித்தேவிட்டாள். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் முதல் கச்சேரி. அதைக் கேட்கக் கோயில் கமிட்டிக்காரர்களும் திருவிழாக் கமிட்டிக்காரர்களும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தால் அந்த வருஷம் பூராவும் மேடை. பிடிக்காவிட்டால் மறுபடியும் யார் முதுகையாவது பார்த்துக்கொண்டு பாட வேண்டியதுதான்.

அந்த வாரம் ஜெசிந்தா ஒரு டப்பா மக்ரூனோடு ஆபீஸுக்கு வந்தாள்.

"அண்ணே, வாற ஞாயித்துக்கெழம கச்சேரி."

"தெரியும் தாயி. மொத வரிசைல எனக்கு ஒரு சேர் போட்டு வை."

அவள் டப்பாவின் மேலிருந்த நூலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "அண்ணே, தப்பா நெனைக்காதிய. நீங்க... நீங்க வராம இருந்தா நல்லதுண்ணே. கீபோர்டு, பாக்ஸு எல்லாம் புதுசு. தெறந்த மைதானம் வேற. பயலுவ ரொம்ப பயப்படுதானுவ. எனக்கு நம்பிக்க கெடையாது, மாதா சத்தியமா கெடையாது. ஆனா..."

அண்ணாச்சி டப்பாவைத் திறந்து ஒரு மக்ரூனை எடுத்து மெதுவாகத் தின்றார்.

"ஞாயித்துக்கெழமையா? அன்னைக்கு எனக்கு கண்டெய்னர் யார்டுல டூட்டிலா தாயி. நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

டூட்டி போடுகிறவன் நான். அப்படி ஒரு டூட்டி கிடையாது. அவள் போன பிறகு என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மக்ரூனைத் தொடவில்லை. அவரோ, "தின்னுடே, நல்லா மொறுமொறுன்னு இருக்கு" என்று டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

ஞாயிறு வந்தது. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அண்ணாச்சி யார்டுக்குப் போகும் முன் எனக்கு உத்தரவு போட்டார். "முன்னால உக்காரு. நல்லா கைதட்டு. பாட்டு முடியுமுன்ன தட்டி மானத்த வாங்கிராத."

முதல் பாட்டில் ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் நடுக்கம். இரண்டாவது பாட்டில் தெளிந்துவிட்டாள். மூன்றாவது பாட்டில் மைதானத்தில் குழந்தைகள்கூட அழவில்லை. கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் என் மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

அடுத்த நிமிஷம் அத்தனை பேர் தலைமேலும் பிளாஸ்டிக் நாற்காலி. கீபோர்டுக்கு ஜமுக்காளம். கூட்டம் பள்ளிக்கூட வராந்தாவில் போய் அடைந்தது.

"எங்கடே அந்த மனுசன்?" என்று ஒரு குரல். வராந்தா முழுக்கத் தேடினார்கள். மேடைக்கு அடியில் தேடினார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எனக்குள் ஒரே கொண்டாட்டம். உடனே போன் போட்டேன்.

"அண்ணாச்சி! இங்கன மழை ஊத்துது! நீங்க இல்லாமலே பெய்யுது! இனிமே ஒருத்தனும் உங்கள ஒண்ணும் சொல்ல முடியாது!"

அவர் கேட்டது வேறு. "அந்தப் பிள்ளைய என்ன சொல்லுதாவ?"

அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன். கமிட்டிக்காரர் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மொத கச்சேரியே இப்படி. ரெட் அலர்ட்டும் வரல. அப்ப இந்தப் பிள்ளைக்குத்தான் ராசி இல்ல. நம்ம கொடைக்கு வேண்டாம்ப்பா." ஜெசிந்தா மைக்கை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே நின்றாள். எல்லாம் கேட்டிருக்கும்.

அதை அப்படியே அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மழை விட்டபாடில்லை. கமிட்டிக்காரர்கள் கிளம்பலாமா என்று வேட்டியை மடிக்கும் நேரத்தில், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஸ்கூட்டர் உள்ளே வந்தது. தலையில் யார்டு ஹெல்மெட். மேலே, வெளிச்சம் பட்டால் பளிச்சென்று மின்னும் ஆரஞ்சு ஜாக்கெட். அண்ணாச்சி வராந்தாவுக்கு நேராக வந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

"எல்லாரும் மன்னிக்கணும். நான் மொதல்லயே வந்துட்டேன். ஐஸ் வண்டிக்குப் பொறத்தால ஒளிஞ்சு நின்னு கேட்டுக்கிட்டுருந்தேன். இந்தப் பிள்ள பாட்ட கேக்காம இருக்க முடியல. என்னாலதான் மழை. நான்தான். போதுமா?"

அரை மைல் தள்ளி நின்றாலும் தெரிகிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒளிந்திருந்தாராம்! ஒருவராவது கேட்க வேண்டுமே. "அதான பாத்தேன்!" என்று கூட்டம் ஒரே குரலில் ஆனந்தப்பட்டது. நாலு பேர் அவரைத் தோளைப் பிடித்து கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் காலை வெளியே வைத்த நேரம் பார்த்து மழையும் விட்டுத் தொலைத்தது. மைதானம் கைதட்டியது. "பிள்ள என்னமா பாடுதா! எல்லாம் இந்த ஆளு பண்ணுன வேல" என்று அதே கமிட்டிக்காரர் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார்.

ஜெசிந்தாவுக்குத் தெரியும், அவர் யார்டில் இருந்தவர் என்று. மேடையேறி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்தபடி நின்றாள். வெளியிலிருந்து அவர் 'பாடு, பாடு' என்று கையை ஆட்டினார். பாடினாள்.

நான் எழுந்து வெளியே போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் அவர் ஹெல்மெட்டைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி இப்படிச் செஞ்சிய? இத்தன வருசம் இல்லன்னு சாதிச்சுட்டு, நல்லா தப்பிச்ச அன்னைக்குப் போயி..."

"ஏலே, எனக்கு அந்தப் பேரு பழகிப்போச்சு. அந்தப் பிள்ளைக்குப் பழகவே கூடாது பாத்துக்கோ."

உள்ளே ஒரு பாட்டு முடிந்து, சின்ன இடைவெளி. மேடையோரம் ஜெசிந்தா குனிந்து சவுண்டுக்காரரிடம் ஏதோ சொல்வது கேட் வழியாகத் தெரிந்தது. அவர் வந்து ஓரமாக இருந்த பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்றை அப்படியே ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி அதைக் கவனிக்கவில்லை, டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அடுத்த பாட்டு நேரே எங்கள் மடியில் வந்து விழுந்தது.

"என்னடே, சத்தம் திடீர்னு இவ்வளவு நல்லா வருது?"

"காத்து இந்தப் பக்கம் அடிக்கு அண்ணாச்சி" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இருவர் சட்டையிலிருந்தும் பெஞ்சில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ கச்சேரிகளை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்த ஈர பெஞ்சில், அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுபோல் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.